அம்மாவின் முப்பதாம் நாளில் பேசியது



நம் சமூகக் கூடத்தில் அம்மாவுக்காக நடந்த முப்பதாம் நாள் செபத்தில் நான் பேசியதைச் செய்திமடலுக்கு எழுதித் தரும்படி நம் சங்கச் செயலாளர் கேட்டார். அன்று கையில் குறிப்பு எதுவும் இல்லை. நினைவில் நின்றதை எழுதியிருக்கிறேன். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்த்தும் இருக்கிறேன். வெளியூர் போயிருந்தவர்களும் இரவுப் பணியில் இருந்தவர்களும் வர முடியவில்லையே என்று என்னிடம் வருத்தப்பட்டீர்கள். இது முக்கியமாக உங்களுக்குத்தான்.

உங்களில் பலருக்கு அம்மாவை 'ஆச்சி' என்றுதான் தெரியும். குழந்தைகள் முதலில் 'பாட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். "பாட்டின்னா யாரோ மாதிரி இருக்கு, ஆச்சின்னு சொல்லு" என்று ஒவ்வொருவரையும் திருத்தினார். தூத்துக்குடிக்காரர். அந்த ஊர் வழக்கு அவர் நாக்கை விட்டுக் கடைசிவரை போகவில்லை. 2011இல் இங்கே குடிவந்தபோது அவருக்கு 71 வயது. கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பனிமய மாதா படம், ஒரு கால்மிதி தையல் மெஷின். அந்த மெஷினை லாரியில் ஏற்ற வேண்டாம், இங்கேயே மோட்டார் வைத்த புது மெஷின் வாங்கித் தருகிறோம் என்று தம்பிகள் எவ்வளவோ சொன்னார்கள். "மெஷின் வந்தாத்தான் நான் வருவேன்" என்றார். மெஷினோடுதான் வந்தார்.

அந்த மெஷினைப் பற்றிச் சொன்னால் அம்மாவின் வாழ்க்கையில் பாதியைச் சொன்னது போல. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா பிறந்தது 1940இல். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. 1961இல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அவருக்கு 21 வயது. கரையில் சிப்பிகளைக் குவியல் குவியலாகப் போட்டு ஏலம் விட்டதையும், நாலு நாளில் ஊரே நாறியதையும் சொல்லுவார். "முத்துன்னா எல்லாரும் மினுக்கத்தைத்தான் நினைக்கிறீங்க, எனக்கு அந்த நாத்தம்தான் ஞாபகம் வருது" என்பார். மறு வருஷம் கல்யாணம். அப்பா தோணியில் தண்டலாக இருந்தவர். தோணி என்றால் சின்னப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். தூத்துக்குடித் தோணி பாய்மரம் கட்டிய சரக்குக் கப்பல். அதை நடத்திப் போகிறவர்தான் தண்டல். வெங்காயம், வற்றல், ஓடு எல்லாம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார்கள். காற்றைப் பொறுத்துத்தான் பயணம். சில மாதங்கள் கடல் விடாது, அப்போது வருமானமும் இராது.

அந்தச் சும்மா இருக்கிற மாதங்களுக்காகத்தான் 1968இல் யாரோ விற்ற பழைய உஷா மெஷினை அம்மா தவணையில் வாங்கினார். அப்போது நான் நாலு வயசு. எங்கள் ஊரில் தையல்காரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் புதுநன்மை உடுப்பு தைக்க எல்லாரும் அம்மாவைத் தேடி வந்தார்கள். இங்கே பலருக்குப் புதுநன்மை என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஏழெட்டு வயதில், புத்தி தெளிந்த பிறகு, முதல் முறையாக நற்கருணை வாங்குகிற நாள் அது. பெண் பிள்ளைகளுக்கு வெள்ளை ஃபிராக், தலையில் வலைத்துணி முக்காடு, அதன்மேல் துணிப் பூவால் செய்த ஒரு சின்ன முடி. பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. வீட்டில் அரிசி இருக்கிறதோ இல்லையோ, அன்றைக்கு வெள்ளை உடுப்பு வேண்டும். இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று கோயிலில் யாரும் பேச மாட்டார்கள்.

அம்மாவிடம் ஒரு ஃபிராக் எப்போதும் தயாராக இருக்கும். பாப்ளின் துணியில், யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று. இடுப்பில் மூன்று மடிப்பு, கீழ்மடிப்பில் ஒரு சாண் துணி உள்ளே. ஒல்லிப் பிள்ளை வந்தால் பிடித்துக் கொடுப்பார், உயரமான பிள்ளை வந்தால் பிரித்து இறக்குவார். பழைய மடிப்புக் கோடு தெரியாமலிருக்க அந்த இடத்தில் ஒரு வரிசை லேஸ் வைத்துவிடுவார். அடுத்த வருஷம் லேஸ் ஒரு வரிசை கூடும். தைக்கக் கொடுக்க வழியில்லாத அம்மாமார் இருட்டிய பிறகு வருவார்கள். "அளவெடுக்கணும், பிள்ளையைக் கூட்டிட்டு வா" என்று மட்டும்தான் அம்மா சொல்லுவார். பூசை முடிந்து மறுநாள் அதைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். நானும் அதைத்தான் போட்டுக்கொண்டேன். எனக்கென்று ஒன்று புதிதாகத் தைக்கச் சொல்லி அழுதபோது, "நீ வேற போட்டா, இது இரவல் உடுப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போகும்ட்டி" என்றார். தையல்காரி மகளே போட்டிருக்கிறாள் என்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் அல்லவா. எட்டு வயதில் எனக்கு அது புரியவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அப்பாவின் கொழும்புப் பயணங்கள் பழையபடி இல்லை. பிறகு அவர் உடம்புக்கு முடியாமல் படுத்து, 1989இல் இறந்துபோனார். நாங்கள் மூன்று பேர். நான் ஆசிரியப் பயிற்சி முடித்தது, பெரிய தம்பி பாலிடெக்னிக் போனது, சின்னவன் பள்ளியில் படித்தது எல்லாமே அந்தக் கால்மிதியில்தான். இதற்கு மேல் இதை விரித்துச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது.

பக்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பக்தியும் அவரைப் போலவேதான், கொஞ்சம் பிடிவாதம், கொஞ்சம் சிரிப்பு. அவர் சிறுமியாக இருந்தபோது பூசை முழுவதும் லத்தீனில் நடக்கும். சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார், சனங்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். வத்திக்கானில் நடந்த பொதுச்சங்கத்தின் தீர்மானம் 1963இல் வந்தது. அதன் பிறகு படிப்படியாகப் பூசை தமிழுக்கு மாறியது. அம்மாவுக்கு அந்த லத்தீன் பதில்கள் கடைசிவரை மனப்பாடம். அர்த்தம் தெரியுமா என்று என் மகள் ஒரு நாள் கேட்டாள். "எனக்குத் தெரியாது, கேக்கிறவருக்குத் தெரியும்" என்றார்.

நோன்பு விஷயமும் அப்படித்தான். அவர் சிறுவயதில், நற்கருணை வாங்குகிறவர்கள் முந்தின நள்ளிரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. அது 1957இல் மூன்று மணி நேரமாகக் குறைந்தது, 1964இல் ஒரு மணி நேரமாகியது. அம்மா மட்டும் நள்ளிரவுக் கணக்கிலேயே இருந்தார். சர்க்கரை நோய் வந்த பிறகும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலேயே மயங்கிச் சரிந்தார். பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து, முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடுகூடக் கிடையாது என்று திருச்சபைச் சட்டத்தைச் சொன்ன பிறகுதான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். அதையும் ஏதோ திருட்டுத்தனம் செய்வது போலச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்.

செபமாலையை அவர் தலைமுறை '153 மணி' என்று சொல்லும். மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று மூன்று பகுதி, பகுதிக்கு 50, தொடக்கத்தில் 3. 2002இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகள் என்று ஐந்தைப் புதிதாகச் சேர்த்தார். அப்போது அம்மாவுக்கு 62 வயது. "இந்த வயசில எனக்குப் பாடம் குடுக்காரே" என்று முணுமுணுத்துக்கொண்டே வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை மனப்பாடம் செய்தார். கேட் பக்கத்து வேப்பமரத்தடி பெஞ்சில் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் உட்கார்ந்திருந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கையில் மணி உருண்டுகொண்டே இருக்கும், கண் மட்டும் சைக்கிள் விடுகிற பிள்ளைகள் மேல் இருக்கும். இடையில் நிறுத்தி, "ஏய், கார் வருது பாரு" என்று கத்திவிட்டு விட்ட மணியிலிருந்து தொடர்வார். பராக்காயிற்றே என்று யாரோ கேட்டதற்கு, "மாதாவும் பிள்ளை பெத்தவதானே" என்றாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பி பிளாக் அம்மா ஒருவர் அன்றைய கூட்டத்தில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இங்கே வந்த பிறகு அவர் தைத்ததெல்லாம் உங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன. ஜூன் மாதம் வந்தால் யூனிஃபார்ம் மடிப்பை இறக்குவார். காவலர் தம்பிகளின் சட்டைக் காலரைத் திருப்பித் தைப்பார். பள்ளி நாடகத்துக்குப் பாரதியார் கோட்டு, கொடிநாளுக்குத் தோரணம் எல்லாம் உண்டு. "ஜிப்பு மட்டும் கொண்டு வராதீங்க, கண்ணு தெரியல" என்பார். கூலி கேட்டதில்லை. ஆனால் நூல் நீங்கள் வாங்கி வர வேண்டும். அதில் கறார்.

என் மகளின் கல்யாணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஆச்சியின் பங்கு என்ன என்று சிலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை இந்து. ஆச்சி சம்மதிக்க மாட்டார், வீட்டில் ரகளை நடக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலைப் பூசை முடிந்து நேரே சாமியார் அறைக்குப் போய், "என் பேத்தியும் அந்தப் பையனும் யாரும் மாறாம, கோயில்ல முடிக்க வழி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். வழி இருக்கிறது. ஆயரின் அனுமதி வேண்டும். பெண் தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். பையனுக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். அவன் மாற வேண்டியதில்லை. இத்தனையையும் தெரிந்துகொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். தாலியும் கோயிலிலேயே கட்டினார்கள். தாலி கட்டுகிற வழக்கம் எங்களிலும் உண்டு என்பது மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெரிய ஆச்சரியம்.

இனிச் சொல்வது கொஞ்சம் கடினமானது. இருந்தாலும் இந்தச் செய்திமடலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். நம் குடியிருப்பில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள்.

சென்ற ஆண்டு அம்மாவின் இருதயம் பலவீனப்பட்டது. இரண்டு முறை மருத்துவமனை. இரண்டாம் முறை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அங்கே அதுதான் நடைமுறை என்றார்கள். செபமாலையை உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்களை உட்காரச் சொன்னார். பெரிய தம்பி வளைகுடாவில் இருக்கிறான், அவனை வீடியோவில் கூப்பிடச் சொன்னார். "இனிமே என்னை அங்க கொண்டு போகாதீங்க. மூச்சு முட்டினா மருந்து குடுங்க. வலிச்சா வலிக்குக் குடுங்க. போற நேரம் வந்தா கையைக் கட்டி நிறுத்தாதீங்க" என்றார்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "பணம் பிரச்சினையே இல்லம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றான். "பணத்துக்காகவா சொல்லுதேன்?" என்றார் அம்மா. "அப்ப சாகணும்னு சொல்றீங்களா? அது பாவம் இல்லையா? கோயில்ல ஒத்துக்குவாங்களா?" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வி அம்மாவைத் தைத்துவிட்டது. பதில் சொல்லாமல் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.

சாமியாரை வரச் சொன்னோம். அவர் தெளிவாகச் சொன்னார். உயிரை எடுப்பதோ, எடுத்துக்கொள்வதோ பாவம், அதில் மாற்றமில்லை. ஆனால் குணமாக்கப் போவதில்லை, பாரம் மட்டும்தான் கூடும் என்ற நிலையில் இருக்கிற சிகிச்சையை வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957இலேயே, மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசும்போது, இயல்பான சிகிச்சைக்குத்தான் கடமை உண்டு, அதற்கு மிஞ்சியதற்குக் கட்டாயம் இல்லை என்று விளக்கியிருக்கிறார். வலிக்கு மருந்து, சாப்பாடு, தண்ணீர், துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்வது, பக்கத்தில் இருப்பது, இவற்றை நிறுத்தக் கூடாது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதை அவன்கிட்ட சொல்லுங்க சாமி" என்று ஃபோனை நீட்டினார்.

அவன் கேட்டான். 'சரி' என்று சொன்னான். மனசுக்குள் சரி என்றானா என்று எனக்குத் தெரியாது.

அன்றே நோயில் பூசுதலும் நடந்தது. இதை முன்பு 'அவஸ்தைப் பூசுதல்' என்பார்கள். சாமியார் எண்ணெயோடு வந்தால் ஆள் போய்விடும் என்று ஊரில் பயப்படுவார்கள். அம்மா அதற்குப் பிறகும் ஒரு முறை பூசிக்கொண்டார். "இது சாவுக்கு இல்ல, சீக்குக்கு" என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். முதல் வெள்ளிதோறும் நற்கருணை வீட்டுக்கு வந்தது. வெள்ளைத் துணி விரித்து, ஒரு பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி வைப்போம். அந்தப் பத்து நிமிஷம் நாலாம் மாடி நடையில் பிள்ளைகள் பந்து விளையாடாமல் நின்றார்கள். யார் அவர்களிடம் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசி ஏழு வாரம் வீட்டில். அந்த வாரங்களில் நீங்கள் செய்ததை வரிசையாகச் சொல்ல இந்த இதழ் போதாது. டி பிளாக்கிலிருந்து ஆக்சிஜன் கருவி வந்தது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இணைப்பு எங்கள் வீட்டுக்கு முதலில் என்று எலக்ட்ரீஷியன் தம்பி தானாகவே மாற்றி வைத்தார். மூன்றாம் மாடி டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்த்தார். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அம்மா போய்விட்டார். என் மகள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆச்சியின் கையைப் பிடித்திருந்தது மாப்பிள்ளை. அவருக்குச் செபம் தெரியாது. 'ஆமென்' மட்டும் சொன்னார்.

இங்கே இரண்டு நடைமுறை விஷயம், உங்களுக்கு உதவும். ஒன்று, வீட்டில் இறப்பு நேர்ந்தால், கடைசி நோயின்போது பார்த்துவந்த மருத்துவர் இறப்புக் காரணச் சான்று தர வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே பார்த்துவருகிற மருத்துவர் இல்லையென்றால் அந்த நேரத்தில் வீடு வீடாக அலைய நேரும், ஆகவே முன்கூட்டியே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. அம்மாவை நாலு மாடியும் படியில்தான் இறக்கினோம். நம் காவலர்களும் இளைஞர்களும் ஒரு சுவரில்கூட இடிபடாமல் கொண்டுவந்தார்கள். நாற்காலி போல மடங்குகிற ஸ்ட்ரெச்சர் கிடைக்கிறது. சங்கம் ஒன்று வாங்கி வைக்கலாம் என்று பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன், ஆதரியுங்கள்.

தூத்துக்குடிக்கு 600 கிலோமீட்டர். அப்பா பக்கத்தில்தான் அடக்கம். நம் குடியிருப்பிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தீர்கள். அதில் பலர் அதற்கு முன் ஒரு கோயிலுக்குள்ளும் வந்ததில்லை. எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள். அடக்கம் முடிந்து பனிமய மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு வரவேண்டும் என்று பலர் சொன்னீர்கள். கொடியேற்றம் ஜூலை 26, பதினொரு நாளும் கூட்டம் இருக்கும். தங்கத்தேர் வருஷா வருஷம் வராது, 2023இல் வந்தது. அம்மா அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார், முக்காடு போட்டுக்கொண்டு.

பெரிய தம்பி அடக்கத்துக்கு வந்தான். முப்பதாம் நாளுக்கு வரவில்லை. விடுப்பு இல்லை என்றான். போன வாரம் ஃபோனில், "கொண்டு போயிருந்தா இன்னும் ஒரு மாசமாவது இருந்திருப்பாங்க அக்கா" என்றான். இருந்திருக்கலாம். அந்த ஒரு மாதம் எங்கே, எப்படி என்பதுதான் அம்மா பேசிய விஷயம். அவனுக்கு நான் அதைச் சொல்லவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான், கேட்டுக்கொண்டிருந்தேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன் என்றிருக்கிறான்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சு இன்னும் நடக்கவில்லை என்றால், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையையும் வீடியோவில் வைத்துக்கொண்டே பேசுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அம்மா அதைச் சரியாகச் செய்தார்.

மெஷினைச் சமூகக் கூடத்தில் நூலக அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். சங்கம் அனுமதி கொடுத்துவிட்டது. பெல்ட் புதிது, எண்ணெய் விட்டிருக்கிறேன். ஊசியும் பாபினும் இழுப்பறையில் இருக்கின்றன, சாவி காவலரிடம். யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். பழக வேண்டும் என்கிற பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்தால் நான் இருப்பேன். நூல் மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள்.